பராமரிப்பவரின் பெயரும் கோப்பில் இருக்க வேண்டும்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு இப்போது 32 வயது. பிறந்தபோதே மூளைவாதத்தினால் பாதிக்கப்பட்ட அவனால் தனியே எழுந்து நிற்கவும் இயலாது, தன் கையால் சோறு எடுத்து உண்ணவும் இயலாது. அம்மா இருந்தவரை அவரே அவனைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், தூக்கிச் சுமந்தார். அவர் மறைந்த பின் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறுப்பு வந்த சில நாட்களிலேயே ஒன்றைக் கண்டுகொண்டேன். அவனைப் பராமரிப்பவர் என்று எல்லாப் பதிவுகளிலும் அம்மாவின் பெயர் மட்டுமே இருந்தது. சில பதிவுகளில் அதுவும் இல்லை. அக்கா என்று ஒருத்தி அந்த வீட்டில் இருப்பது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அவனுக்குரிய கொடுப்பனவு மீண்டும் ஒழுங்காகக் கைக்கு வருவதற்கு ஏழு மாதங்கள் சென்றன. அந்த ஏழு மாதங்களில் கற்றுக்கொண்டவற்றையும், பின்னர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அயலவர் பலருக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்ததில் அறிந்தவற்றையும், வீட்டில் ஒருவரைப் பராமரித்துவரும் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் கணவன்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் உதவும் என்ற நம்பிக்கையுடன் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் பராமரிப்பவருக்கென்று நாடு முழுவதற்குமான தனியான மாதக் கொடுப்பனவு எதுவும் இல்லை. அரசாங்கம் தருவது மாற்றுத்திறனாளியின் பெயரில்தான் வருகிறது. ஆயினும் விண்ணப்பத்தை வாங்குவதும், நிரப்புவதும், கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும், வங்கி வரிசையில் நிற்பதும் பராமரிப்பவரே. ஆகவே, கிடைக்கக்கூடிய ஒவ்வோர் உதவியையும் கேட்டுப் பெறுவதோடு, ஒவ்வொரு பதிவிலும் உங்கள் பெயரையும் உறவையும் எழுதச் செய்வதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

எந்த உதவி எங்கிருந்து வருகிறது

உதவிகள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதை அறியாததனாலேயே பல குடும்பங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. மத்திய அரசின் வழியாக வருபவை ஒரு பக்கம், கிழக்கு மாகாண சபையின் சமூக சேவைகள் திணைக்களத்தின் வழியாக வருபவை இன்னொரு பக்கம், சுகாதாரத் துறையினதும் கல்வித் துறையினதும் சேவைகள் வேறு ஒரு பக்கம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே நுழையும் வாசல் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரின் மேசைதான். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறை மாவட்டத்தில் 20 பிரிவுகளும் உள்ளன. நீங்கள் வாக்காளராகப் பதிந்திருக்கும் இடமும் உண்மையில் குடியிருக்கும் இடமும் வெவ்வேறாக இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்னரே கிராம உத்தியோகத்தரிடம் குடியிருப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். மணமுடித்து வாவியின் மற்றக் கரைக்கு வந்தவர்களும், மீள்குடியேறியவர்களும் இதனாலேயே இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் அலைந்ததைக் கண்டிருக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு இப்போது நலன்புரி நன்மைகள் சபை குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக நடத்தும் அஸ்வெசும திட்டத்தோடு இணைத்து வழங்கப்படுகிறது. 7,500 ரூபாவாக இருந்த அந்தத் தொகை 2025 ஏப்ரல் மாதத்திலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளருக்கான கொடுப்பனவும் அதே அளவுக்கு உயர்ந்தது. 70 வயதைக் கடந்த முதியவருக்கான கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவானது. இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது, குடும்பத்துக்கு வழங்கப்படும் அஸ்வெசும கொடுப்பனவும் தனி ஆளுக்கு வழங்கப்படும் இக்கொடுப்பனவுகளும் வெவ்வேறானவை என்பதாகும். மகள் மத்திய கிழக்கில் வேலைக்குச் சென்றிருக்க, 70 வயதைத் தாண்டிய அம்மம்மா ஒருவர் நடக்கவியலாத பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அத்தகைய வீடுகளில் பிள்ளைக்காக விண்ணப்பித்துவிட்டு, அம்மம்மாவுக்கும் தனக்கென்று ஒரு கொடுப்பனவைக் கோரும் தகுதி இருக்கலாம் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அஸ்வெசும கணக்கெடுப்புக்கு உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது, வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளியைப் பற்றி மறைக்காமல் முழுமையாகச் சொல்லுங்கள். கலியாணம் பேசும் வயதில் பெண் பிள்ளை இருக்கிறாள், வெளியே தெரிந்தால் சம்பந்தம் தவறிப்போகும் என்ற அச்சத்தில், அறைக்குள் இருக்கும் மூத்த பிள்ளையைக் குறிப்பிடாமலே விட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தத் தாயின் அச்சம் எனக்குப் புரிகிறது. அவரைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பதிவில் இல்லாத பிள்ளைக்குக் கொடுப்பனவு வருவதற்கு வழியில்லை. கணக்கெடுப்பின்போது தரப்படும் குடும்பப் பதிவு இலக்கத்தைக் கட்டாயம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் 1924 என்ற இலக்கத்துக்கு அழைத்து நலன்புரி நன்மைகள் சபையிடம் விபரம் கேட்கும்போது அது கைகொடுக்கும்.

மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் வழியாக வரும் பொதுசன மாதாந்த உதவி, ஊரிலே இன்னும் பிச்சைச் சம்பளம் என்றே அழைக்கப்படுகிறது. அந்தப் பெயரின் காரணமாகவே அதைக் கேட்கக் கூசுகிறவர்கள் உண்டு. பெயர் எதுவாயினும் அது குடிமகன் ஒருவருக்கு அரசு தர வேண்டிய உதவியே என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரே ஆளுக்கு இதையும் மற்றக் கொடுப்பனவையும் சேர்த்துப் பெறலாமா என்பதைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு, எது கூடுதலோ அதைத் தெரிவுசெய்வது நல்லது.

இவற்றுக்கு அப்பால், பத்தரமுல்லையில் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம், வீடு கட்டுதல் அல்லது திருத்துதல், சுயதொழில், மருத்துவச் செலவு, துணைக்கருவிகள் போன்றவற்றுக்கு உதவி வழங்குகிறது. இதற்கும் பிரதேச செயலகத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்குச் செல்லத் தேவையில்லை. பெரிய சத்திரசிகிச்சைகளுக்கும் செலவு கூடிய சிகிச்சைகளுக்கும் ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரும் விண்ணப்பங்களும் 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே ஏற்றுக்கொள்ளப்படுகின்றன.

ஒரு சிறு குறிப்பு. படிவங்களில் மாற்றுத்திறனாளி என்றும், வலதுகுறைந்தோர் என்றும், அங்கவீனர் என்றும், விசேட தேவையுடையோர் என்றும் வெவ்வேறு சொற்களைக் காண்பீர்கள். படிவம் எழுதப்பட்ட காலத்தைப் பொறுத்துச் சொல் மாறியிருக்கிறதேயன்றி, அவை பொதுவாகக் குறிப்பது ஒரே மக்களைத்தான். உளநோயினால் நீண்ட காலமாகப் பாதிக்கப்பட்டவர்களும் இந்தச் சொற்களுக்குள் அடங்குவர். உடலில் குறை தெரியவில்லையே என்று எண்ணி அவர்களுக்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கோப்பைக் கட்டுதல்

விண்ணப்பத்தை வாங்குவதற்கு முன்னர் கோப்பைத் தயார்செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த அட்டைகள், பரிசோதனை அறிக்கைகள், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், உங்களுடைய அடையாள அட்டை, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு தொகுதிகளாக எடுத்து வையுங்கள். மூலப்பிரதி எதையும் எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கையோடு திரும்ப எடுத்து வாருங்கள்.

கிழக்கிலே பிறப்புச் சான்றிதழ் என்பது இலேசான காரியமாக இருந்ததில்லை. 1978 சூறாவளியில் கூரையோடு போன பத்திரங்கள், இடம்பெயர்ந்த காலத்தில் கைவிட்டு வந்தவை, 2004 சுனாமியில் கடலோடு போனவை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. பிறப்பைப் பதிவுசெய்தது உண்மையாயின், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தேடுதல் விண்ணப்பம் கொடுத்துப் புதிய பிரதியைப் பெறலாம். பதிவே நடக்கவில்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் கைகூடாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது. மூன்றும் நேரமெடுக்கும் வேலைகளாதலால், பிள்ளை சிறியவராக இருக்கும்போதே இவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

அடையாள அட்டைக்கு 15 வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அதிபர் நினைவூட்டுவார்; வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு நினைவூட்ட ஒருவரும் இல்லை. இதனால் 25 வயதாகியும் அடையாள அட்டை இல்லாத மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள், அது இல்லாததனால் வங்கிக் கணக்கும் இல்லை, கணக்கு இல்லாததனால் கொடுப்பனவும் இல்லை. படுக்கையில் இருப்பவரை அழைத்துச் செல்ல இயலாவிட்டால், கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் தெரிவியுங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேளுங்கள், நடமாடும் சேவை எப்போது நடக்கும் என்பதையும் விசாரியுங்கள்.

இந்தக் கோப்பில் ஒற்றைத் தாளொன்றையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் மாற்றுத்திறனாளியின் பெயர், இயலாமையின் தன்மை, அது எப்போதிருந்து இருக்கிறது, அவரைப் பராமரிப்பவர் யார், அவருக்கு இயலாதபோது பொறுப்பெடுக்கும் இரண்டாமவர் யார் என்பவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலைப் பெற்று, ஒரு பிரதியைச் சமூக சேவை உத்தியோகத்தரின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கென்று அச்சிட்ட படிவம் தேவையில்லை. சாதாரணக் கடிதமாகவே எழுதலாம். எங்கள் வீட்டில் அத்தகைய தாள் ஒன்று இருந்திருந்தால், அம்மாவின் மரணச் சான்றிதழோடு ஒரே நாளில் பொறுப்பை என் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்கலாம்.

வைத்தியரிடம் எதை, எப்படிச் சொல்வது

மிகுந்த கவனம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். கொடுப்பனவுக்கோ துணைக்கருவிக்கோ அரசாங்க வைத்தியர் ஒருவரின் அத்தாட்சி வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை வடக்கு, அக்கரைப்பற்று, திருக்கோவில் போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக் நாட்களில் கூட்டம் நிரம்பியிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் எங்கள் தாய்மார் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், பிள்ளையைப் பற்றி நல்லதைச் சொல்வதுதான். சாப்பிடுகிறானா என்று வைத்தியர் கேட்டால், ஓம் ஐயா, நன்றாகச் சாப்பிடுகிறான் என்பார்கள். சோற்றைப் பிசைந்து, சிறு சிறு கவளமாக்கி, புரையேறாமல் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, முக்கால் மணிநேரம் ஊட்டியது அந்த ஓம் என்ற சொல்லுக்குள் மறைந்துவிடும். வைத்தியரின் தாளில், தானாக உண்ணக்கூடியவர் என்று பதிவாகிவிடும்.

ஆகவே கிளினிக்குக்குச் செல்வதற்கு முன்னைய ஒரு வாரத்துக்கு, அன்றாட வேலைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுப்பினீர்கள், மலசலகூடத்துக்கு எத்தனை தடவை தூக்கிச் சென்றீர்கள், இரவில் எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தீர்கள், வலிப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, தனியே விட்டுச் செல்ல இயலுமா இயலாதா, விட்டுச் சென்றபோது என்ன நேர்ந்தது என்பவற்றை உள்ளபடியே குறியுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம். எழுதத் தெரியாதவராக இருந்தால் அயல்வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் மாலைதோறும் சொல்லி எழுதுவித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில், முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்: “டொக்டர், சமூக சேவைக் கொடுப்பனவுக்கு அத்தாட்சி தேவை, இவர் தானாகச் செய்ய இயலாதவற்றை இதில் எழுதியிருக்கிறேன்.” சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை மேசையில் வைத்தாலே போதும்.

அத்தாட்சி கைக்கு வந்ததும் வெளியே வருவதற்கு முன்னரே வாசித்துப் பாருங்கள். நோயின் பெயர் மட்டும் எழுதப்பட்டு, அதனால் எதைச் செய்ய இயலாது என்பது விடுபட்டிருந்தால், அதையும் சேர்த்துத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். இயலாமை நிரந்தரமானதா என்ற வினாவுக்கு விடை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பெயரின் எழுத்து அடையாள அட்டையில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்பதைப் பார்ப்பது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் எழுத்து மாறியதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு நானே இரண்டாந்தடவை வைத்தியசாலைக்குச் சென்றிருக்கிறேன். பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வருபவருக்கு ஒரு பயணம் என்பது ஒரு நாட்கூலி.

சக்கர நாற்காலிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடைப்பதே போதும் என்று எந்த நாற்காலியையும் ஏற்றுக்கொள்ளாமல், முதலில் வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் அளவெடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை அகலம் கூடினால் உடல் ஒருபக்கம் சாய்ந்து முதுகெலும்பு வளையும். குறைந்தால் இடுப்பில் உரசிப் புண் வரும். வளரும் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகளில் அளவு மாறிவிடும் என்பதனால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். எங்கள் கரையோர ஊர்களின் மணல் ஒழுங்கைகளில் முன்சக்கரம் சிறியதாகவும் ஒடுங்கியதாகவும் இருக்கும் நாற்காலி புதைந்து நின்றுவிடும். வீட்டுக்கு வெளியே பயன்படுத்தப்போவதாயின் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். காது கேளாதவருக்கான கருவியாயின் செவிப்புலன் பரிசோதனை அறிக்கையை இணைக்க வேண்டும்.

பிரதேச செயலகத்தில்

உத்தியோகத்தர்கள் வெளிக்களத்துக்குச் செல்லும் நாட்கள் உண்டு. பொதுமக்கள் தினம் எது என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்து செல்லுங்கள். மாற்றுத்திறனாளியை ஒவ்வொரு தடவையும் சுமந்து செல்லத் தேவையில்லை. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வீட்டுக்கு வரும்படி எழுத்தில் கேளுங்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளி நுழைவதற்குத் தடை இருக்கக்கூடாது என்பதை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள் சாய்தளம் முதலான வசதிகளை வலியுறுத்துகின்றன. ஆனாலும் சமூக சேவைப் பிரிவே மேல்மாடியில் இருக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியான இடத்தில் உத்தியோகத்தரைக் கீழே வரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது, உங்கள் கையில் இருக்கும் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் இட்டுத் தரும்படி கேளுங்கள். நேரில் கொடுக்க இயலாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டிவைக்கலாம். யாரோடு பேசினீர்கள், என்ன பதவி, என்ன சொன்னார், மறுபடி எப்போது வரச் சொன்னார் என்பதை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதை உத்தியோகத்தர்மேல் நம்பிக்கையில்லாத செயலாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இடமாற்றம் அடிக்கடி நடக்கும் இடத்தில், புதிதாக வருபவருக்கும் அந்தக் குறிப்பே உதவும். எனக்கு உதவிய உத்தியோகத்தர்கள் பலர்; அவர்களுள் ஒருவர் தன் சொந்த மோட்டார்சைக்கிளில் மழைக்குள் வந்து தம்பியைப் பார்த்துச் சென்றார். காத்திருப்போர் பட்டியல் இருந்தால், உங்கள் இலக்கம் என்ன என்று கேட்டு எழுதி வாருங்கள்.

அம்பாறை மாவட்டத்தில், கரையோரப் பிரதேச செயலகங்களில் தமிழிலேயே அலுவல் நடந்தாலும், மாவட்ட மட்டத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் கடிதங்கள் சில வேளைகளில் சிங்களத்தில் மட்டும் வந்து சேரும். விளங்காத கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் தொடர்பாடுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. மறுக்கப்பட்டால் 1956 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வங்கியும் கையொப்பமும்

கொடுப்பனவு வங்கிக் கணக்கின் வழியாக வருவதனால், கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது முக்கியம். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கணக்கைத் திறந்து இயக்கலாம். வயது வந்தவர், தன் பணத்தைப் பற்றித் தானே தீர்மானிக்கக்கூடியவராயின், கையெழுத்து வைக்க இயலாவிட்டாலும் பெருவிரல் அடையாளத்தோடு தன் பெயரிலேயே கணக்கைத் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். அது அவருடைய பணம் என்பதைப் பராமரிப்பவராகிய நாமும் மறந்துவிடக் கூடாது. சிந்திக்கும் ஆற்றலில் கடுமையான பாதிப்பு உள்ளவராயின், வங்கி முகாமையாளரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒன்றாகச் சந்தித்துக் கூட்டுக் கணக்குப் பற்றிப் பேசுங்கள். அவர் பெயரில் காணியோ பெருந்தொகையோ இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் வழியாகப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டிவரும். அதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். குறைந்த வருமானமுள்ளோரிடம் அவர்கள் கட்டணம் அறவிடுவதில்லை.

பணம் எடுக்கும் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் அயலவரிடமோ கடைக்காரரிடமோ கொடுத்து வைக்காதீர்கள். கடனுக்கு ஈடாக அட்டையைக் கடையில் வைத்திருப்பவர்கள் உண்டு. மாதம் பிறந்ததும் அந்தப் பணம் பிள்ளையின் பாலுக்கும் மாத்திரைக்கும் வராமல் வேறு வழியில் போய்விடும்.

பிள்ளையின் கல்வி

5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இயலாமையைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பதை மேலே சொன்ன 1996 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, அருகில் எந்தப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறது என்று கேளுங்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைப் பருவத்துக்கு முன்னைய குழந்தையாயின், தலை நிற்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று தோன்றியவுடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் கிளினிக்குக்குக் கடிதம் பெறுங்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு ஓர் ஆண்டைக் கடத்துவது அந்தக் குழந்தைக்குப் பெரும் இழப்பு.

மறுக்கப்பட்டால், தாமதமானால்

மறுப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அஸ்வெசும தொடர்பான தீர்மானங்களுக்கு எதிராக மேன்முறையீடு செய்வதற்குக் காலவரையறை அறிவிக்கப்படும். அதைத் தவறவிடாமல் பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். பதிலே வராமல் மாதங்கள் கழிந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் பதிவதும் அந்த அலுவலரின் கடமை. தகவலைத் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

கேள்வியைக் குறிப்பாக அமையுங்கள். ஏன் எனக்குத் தரவில்லை என்று எழுதினால் விளக்கம் வரும், தகவல் வராது. “இன்ன திகதியில் கையளித்த என் சகோதரனின் விண்ணப்பம் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் எவை, காத்திருப்போர் பட்டியலில் அவருடைய இலக்கம் என்ன, அந்த இலக்கம் எவ்வகையில் தீர்மானிக்கப்பட்டது” என்று கேளுங்கள். நான் பார்த்த அளவில், இவ்வாறு கேட்கப்பட்ட விண்ணப்பங்களில் பல, பதில் வருவதற்கு முன்னரே நகரத் தொடங்கின. பாகுபாடு காட்டப்பட்டதாகக் கருதினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். 1996 என்பது அதன் அவசர அழைப்பு இலக்கம்.

உங்களைப் பற்றியும்

பராமரிப்பவரின் இடுப்பு வலியும் தூக்கமின்மையும் எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. ஆகவே நீங்களே சொல்லுங்கள். தம்பியின் கிளினிக்கில் என் முதுகு வலியைச் சொன்ன நாளில்தான், ஒருவரைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும் என்று இயன்மருத்துவர் எனக்குக் கற்றுத் தந்தார். அதுவரை பல ஆண்டுகள் இடுப்பை வளைத்தே தூக்கியிருந்தேன். மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரைச் சந்திப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வுத் திட்டத்தின் கீழ் பிரதேச மட்டத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகளின் சுயஉதவிக் குழு இருந்தால் அதில் சேருங்கள். புதிய விண்ணப்பம் கோரப்படுவதை நான் அறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

தாய் அல்லது தந்தை ஓய்வூதிய உரித்துள்ள அரச ஊழியராக இருந்திருந்தால், இன்னொன்றை அவர்கள் உயிரோடிருக்கும்போதே செய்துவைக்க வேண்டும். பெற்றோருக்குப் பின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு வயதெல்லை உண்டு. ஆனால் நிரந்தர இயலாமையால் தானாக உழைத்து வாழ முடியாத பிள்ளைக்கு அந்த எல்லைக்குப் பின்னரும் அது தொடர வழி இருக்கிறது. பிள்ளையின் இயலாமையை ஓய்வூதியக் கோப்பில் மருத்துவச் சான்றுகளோடு இப்போதே பதிவுசெய்து, பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் அது சேர்ந்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆசிரியராகவோ லிகிதராகவோ இருந்து ஓய்வுபெற்ற பெற்றோரைக் கொண்ட வீடுகளில்கூட இது அறியப்படாமலே இருக்கிறது.

மாரி தொடங்குவதற்கு முன், ஐப்பசி மாதத்தில், கோப்பைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெள்ளம் வந்தால் முதலில் எடுக்க வேண்டிய பொருட்களோடு உயரத்தில் வையுங்கள். இன்னொரு தொகுதிப் பிரதியை மற்றக் கரையிலோ மேட்டு நிலத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில் வைத்திருப்பது நல்லது. எங்கள் வீட்டில் அது வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கும் என் சின்னம்மாவின் மகளிடம் இருக்கிறது. தம்பிக்கு இரண்டாவது பராமரிப்பவர் என்று கோப்பில் பதியப்பட்டிருப்பதும் அவளுடைய பெயர்தான். ஆண்டுக்கொரு முறை அவளை எங்கள் கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் அழைத்துச் சென்று, எந்த மேசையில் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டி வருகிறேன்.